1857-ஐ எத்தனை முறைதான் எழுதுவார்கள்?

கே: நான் படித்தபோது ‘சிப்பாய்க் கலகம்’. என் மகன் படித்தபோது ‘முதல் சுதந்திரப் போர்’. இப்போது பேத்தி ‘பெரும் புரட்சி’ என்று மனப்பாடம் செய்கிறாள். மூன்று தலைமுறைக்கு மூன்று 1857-ஆ?
(ஓய்வுபெற்ற தபால் அலுவலர், விருத்தாசலம்)

ப: 1857 ஒன்றுதான். மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 85 பேர் கொழுப்புத் தடவியதாகச் சொல்லப்பட்ட புதிய தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9 அன்று அணிவகுப்பு மைதானத்தில், கூட இருந்த வீரர்கள் பார்க்கப் பார்க்க, அவர்களின் சீருடையைக் கழற்றிவிட்டுக் காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை மீரட் தீப்பிடித்தது. 11-ஆம் தேதி காலையில், கிளர்ந்தெழுந்த வீரர்கள் தில்லிக் கோட்டைக்குப் போய், எண்பது வயதைத் தாண்டிய மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரைத் தலைமை ஏற்கும்படி கேட்டார்கள். இதுவரைக்கும் எந்த வரலாற்றாசிரியருக்கும் சண்டையில்லை. தோட்டாதான் காரணமா, கூடச் சேர்ந்த விவசாயிக்கு அதில் என்ன பங்கு, தோற்றது ஏன்? இங்கேதான் சண்டை தொடங்குகிறது. உங்கள் மூன்று பாடநூல்களும் இந்தக் கேள்விகளுக்குச் சொன்ன மூன்று பதில்கள்.

கே: சம்பவம் பழசாகப் பழசாகத்தானே கருத்து வேறுபாடு வரும்? நடந்த காலத்தில் இருந்தவர்களுக்கு உண்மை தெரிந்திருக்குமே?
(இல்லத்தரசி, பொள்ளாச்சி)

ப: அப்போதே அடித்துக்கொண்டார்கள். மீரட் எரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1857 ஜூலை 27 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் டிஸ்ரேலி எழுந்து, இது ராணுவக் கலகமா, ஒரு தேசத்தின் எழுச்சியா என்று கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்கியதன் விளைவு இது என்பது அவர் வாதம். மறு ஆண்டே சையது அகமது கான் உருதுவில் ஒரு சிறு நூல் எழுதினார். அவர் கம்பெனியின் நீதித்துறையில் வேலை பார்த்தவர். பிஜ்னோரில் ஆங்கிலேயர்களின் உயிரைக் காப்பாற்றியவர். அவரே சொன்னார்: சட்டம் செய்யும் சபையில் ஓர் இந்தியன்கூட இல்லை, ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆளுகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை, அதுதான் அடிப்படைக் காரணம் என்று. கம்பெனியின் விசுவாசியே கம்பெனியைக் குற்றம் சொன்ன நூல் அது. பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மற்றப் பக்கங்களைச் சேர்த்துப் பார்க்கக் காலம் தேவை.

கே: அதே சம்பவம், அதே ஆவணங்கள். அப்புறம் எதற்குப் புதுப் புத்தகம்? வரலாற்றாசிரியர்களுக்கு வேறு வேலை இல்லையா?
(ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு)

ப: ஆவணம் அதேதான், படிக்கிற ஆள் மாறுகிறார். ஜான் கே என்பவர் லண்டனில் இந்திய விவகாரத் துறையில் உயர் அதிகாரி. 1864 முதல் 1876 வரை மூன்று தொகுதிகளில் சிப்பாய்ப் போரின் வரலாற்றை எழுதினார். கடிதம் கடிதமாகச் சேகரித்த உழைப்பு அது. ஆனால் அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவை. எங்கே தப்பு நடந்தது, எந்த அதிகாரி சமாளித்தார், எவர் சொதப்பினார் என்பதே அவர் கேள்வி. ஆளுகிற இடத்தில் இருந்தவருக்கு அந்தக் கேள்விதான் தோன்றும்.

1907-இல் லண்டன் நகரம் 1857-இன் பொன்விழாவைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. அதே ஊரில் படித்துக்கொண்டிருந்த சாவர்க்கர், அதே கேயின் நூலையும் அதே ஆங்கிலப் பதிவுகளையும் படித்தார். ஆங்கிலேயர் ‘துரோகம்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் தியாகத்தைப் பார்த்தார். 1909-இல் வந்த அவர் நூலை வெளிவரும் முன்பே அரசு தடை செய்தது. அந்த நூல் இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றதை மனம் நிறைந்து பாராட்டுகிறது. அவருடைய பிற்கால அரசியலை மட்டும் தெரிந்தவர்கள் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆவணத்தின் ஓரத்தில் கிடந்தவரை நடுவில் நிறுத்தினார் என்பது அந்த நூலின் பெருமை. முன்கூட்டியே எல்லோரும் கூடித் திட்டமிட்ட போர் என்று காட்ட முயன்றது அதன் பலவீனம். அப்படி ஒரு திட்டத்துக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை.

கே: சுதந்திரத்துக்குப் பின் அரசே வரலாறு எழுதச் சொன்னதாமே? அரசு எழுதச் சொன்னால் அரசு விரும்புகிறபடிதானே வரும்?
(வழக்கறிஞர், நாகர்கோவில்)

ப: வந்திருக்கலாம். ஆனால் 1957 நூற்றாண்டில் நடந்தது வேறு. மத்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதியவர், தேசிய ஆவணக் காப்பகத்தின் இயக்குநராக இருந்த சுரேந்திரநாத் சென். முன்னுரை எழுதியவர் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத். இவ்வளவு இருந்தும், சிப்பாய்களின் கிளர்ச்சியாகத் தொடங்கியது, சில பகுதிகளில், முக்கியமாக அவத் நாட்டில், மக்கள் போராக வளர்ந்தது என்று அளந்துதான் எழுதினார் சென்.

அதே ஆண்டில் ஆர்.சி. மஜும்தார் தனி நூல் போட்டார். சுதந்திரப் போராட்ட வரலாற்றை எழுத அரசு அமைத்த குழுவில் இருந்து, கருத்து ஒத்துப்போகாமல் பிரிந்தவர் அவர். அது முதலாவதும் இல்லை, தேசியப் போரும் இல்லை, சுதந்திரப் போரும் இல்லை என்பது அவர் முடிவு. நானா சாகிபுக்குத் தன் உதவித்தொகை, ஜான்சி ராணிக்குத் தன் ராஜ்யம், வங்காளமும் பஞ்சாபும் தென்னாடும் பெரும்பாலும் அமைதி. இவை அவர் அடுக்கிய காரணங்கள். அதே 1957-இல் எஸ்.பி. சவுத்ரி மூன்றாவதாக ஒரு நூல் எழுதினார். சிப்பாயை விடுங்கள், ஊர் ஊராகச் சாதாரண மக்கள் எழுந்ததைப் பாருங்கள் என்றார் அவர்.

புதிதாகச் சுதந்திரம் பெற்ற தேசம், எல்லோரும் வீர வணக்கம் செலுத்துகிற நேரம். அந்த நேரத்தில் மஜும்தார் மாதிரி எழுத நெஞ்சுரம் வேண்டும். அவர் முடிவில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அவர் எழுதியதில் முழு மரியாதை உண்டு.

கே: ஏன் பாதி?
(அதே வழக்கறிஞர், அடுத்த தபாலில்)

ப: தலைவர்களின் நோக்கத்தைச் சரியாகப் பார்த்தார். பின்னால் போனவர்களின் நோக்கத்தை அதே கவனத்தோடு பார்க்கவில்லை.

கே: வரலாறு முதுகலை படிக்கிறேன். 1857-இல் ஆராய்ச்சி செய்ய இனி எதுவும் மிச்சமில்லை என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(மாணவி, கும்பகோணம்)

ப: கவலையை விடுங்கள். பெரிய வேலைகளில் பல 1957-க்குப் பிறகு நடந்தவைதான்.

கேம்பிரிட்ஜில் எரிக் ஸ்டோக்ஸ் என்று ஒருவர். ‘இந்தியர்கள் ஏன் எழுந்தார்கள்’ என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டு, மீரட், முசாபர்நகர், சகாரன்பூர் மாவட்டங்களின் வருவாய்ப் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தார். இந்தப் பர்கனாவில் (வருவாய் வட்டத்தில்) ஜாட் விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். பக்கத்துப் பர்கனாவில் அதே ஜாட்டுகள் கம்பெனியோடு நின்றார்கள். சாதி ஒன்று, மொழி ஒன்று, எது வேறு? வாய்க்கால் தண்ணீர் வந்த ஊருக்கும் வராத ஊருக்கும் வித்தியாசம் இருந்தது. கிஸ்தி கழுத்தை நெரித்த ஊர் ஒரு மாதிரி நடந்துகொண்டது, மூச்சு விட முடிந்த ஊர் இன்னொரு மாதிரி. அந்த வேலை முழுமை பெறும் முன்பே 1981-இல் ஸ்டோக்ஸ் காலமானார். 1986-இல் அது நூலாக வெளிவந்தது.

1984-இல் ருத்ராங்ஷு முகர்ஜி அவத் பற்றி எழுதிய நூலையும் அவசியம் படியுங்கள். 1856-இல் அவத் ராஜ்யத்தைப் பிடுங்கிய கம்பெனி, தாலுக்தார் என்ற பெருநிலக்காரர்களிடமிருந்து நிறையக் கிராமங்களைப் பறித்துக் கிராமத்தாரோடு நேரடியாக வரி ஒப்பந்தம் போட்டது. விவசாயி நன்றியோடு இருப்பான் என்று எதிர்பார்த்தது. அடுத்த ஆண்டு அந்த விவசாயியே பழைய தாலுக்தாரின் பின்னால் போய் நின்றான். ஆங்கிலேயருக்கு இது அறியாமையாகத் தெரிந்தது. முகர்ஜி அந்த விவசாயியின் இடத்திலிருந்து கணக்குப் பார்த்தார். தாலுக்தார் சுரண்டினான், சந்தேகமில்லை. ஆனால் பஞ்சத்தில் வரியைத் தள்ளி வைத்தவனும் அவன்தான், கல்யாணத்துக்கு வந்து நின்றவனும் அவன்தான். கம்பெனியின் வரிக்கு மழை பெய்தாலும் ஒன்று, பொய்த்தாலும் ஒன்று. போதாததற்கு வங்காளப் படையின் சிப்பாய்கள் பெருவாரியாக வந்ததே அவத் கிராமங்களிலிருந்துதான். சிப்பாயின் கோபமும் விவசாயியின் கோபமும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தன.

இன்னும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘கலகக் காகிதங்கள்’ என்று ஏறத்தாழ 20,000 ஆவணங்கள் இருக்கின்றன. 1857 மே முதல் செப்டம்பர் வரை முற்றுகைக்குள் இருந்த தில்லியின் அன்றாடம் அதில் இருக்கிறது: நகரக் காவல் தலைவரான கோத்வாலின் உத்தரவுகள், படைக்குக் கட்டில் வேண்டும் கூலியாள் வேண்டும் என்ற கோரிக்கைகள், கடையில் சாமான் எடுத்த சிப்பாய் காசு தரவில்லை என்ற மனுக்கள், ஒற்றர்களின் சீட்டுகள். ரகசியமாக வைக்கப்பட்டவை அல்ல இவை; 1921-இலேயே பட்டியல் அச்சாகிவிட்டது. உருதுவும் பாரசீகமும் கலந்து, ‘ஷிகஸ்தா’ என்ற கோணல்மாணலான விரைவெழுத்தில் எழுதியவை. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். மஹ்மூத் ஃபாரூக்கி பொறுமையாக உட்கார்ந்து படித்தார். அவர் துணையோடு வில்லியம் டால்ரிம்பிள் 2006-இல் கடைசி மொகலாயரைப் பற்றிய நூலை எழுதினார்; ஃபாரூக்கி 2010-இல் அந்த ஆவணங்களையே மொழிபெயர்த்துத் தந்தார். அதுவரை ஒரு மேடை மாதிரி இருந்த தில்லியில் திடீரென்று ஜனங்கள் தெரிந்தார்கள். விடுதலை வீரர்களை வரவேற்ற அதே தெருவில், அவர்களால் நொந்துபோன கடைக்காரரும் இருந்தார். இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற வரலாறுதான் நமக்கு வேண்டும்.

ஆகவே, மாணவிக்கு என் யோசனை: ஒரு பழைய எழுத்துமுறையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மராத்தியின் மோடி எழுத்து ஆகட்டும், பழைய கையெழுத்துத் தமிழ் ஆகட்டும். அதற்குப் பிறகு தலைப்புக்குப் பஞ்சமே வராது.

கே: 1857 முதல் சுதந்திரப் போர் என்றால், 1806 வேலூர் என்ன? 1801 மருது பாண்டியர் என்ன? வடக்கத்தியர் நம்மை மறைக்கிறார்களா?
(ஆட்டோ ஓட்டுநர், வேலூர்)

ப: உங்கள் ஊர்க் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 அதிகாலையில் நடந்ததை எந்தக் கணக்கிலும் சிறிதாக்க முடியாது. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை. இவற்றால் புண்பட்ட சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியதில் மாண்ட சிப்பாய்கள் பல நூறு. ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிரடக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. தலைப்பாகைத் தகராறு என்றே நெடுங்காலம் எழுதினார்கள். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகன்கள் காவலில் இருந்ததையும், பாளையங்கள் நொறுக்கப்பட்டு ஐந்தாண்டுதான் ஆகியிருந்ததையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அதன் ஆழம் தெரிந்தது.

1801-க்கு வருவோம். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் எழுதிய நூல், 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சியையே முதல் சுதந்திரப் போர் என்கிறது. அவர் சான்றோடு பேசினார். மருது 1801 ஜூனில் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்த அறிக்கை, தன் பாளையத்தாரை மட்டும் அழைக்கவில்லை. எல்லாச் சாதியாரையும் அழைத்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். 70-க்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். ஓர் உள்ளூர் வரித் தகராறை அடக்க யாரும் கடல் தாண்டி அனுப்பமாட்டார்கள்.

மறைப்பதைப் பற்றி: தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்து எழுதியவர்கள் தங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆவணங்களை வைத்து எழுதினார்கள். விளைவு நமக்கு அநியாயம்தான். அதைச் சரிசெய்கிற வழி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ‘யார் முதல்’ என்ற போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. 1801 திருப்பத்தூர் முழுதாகப் புரிய வேண்டும். அது 1857-க்கு முந்தையது என்பதால் மட்டும் அதற்கு மதிப்பு வந்துவிடவில்லை.

கே: கட்டபொம்மன் வீரனா, கொள்ளைக்காரனா? ஒரே வார்த்தையில்!
(தேநீர்க் கடை நண்பர்கள், கோவில்பட்டி)

ப: வீரன். ஒரே வார்த்தை கேட்டீர்கள், தந்துவிட்டேன். இனி காரணம்.

கம்பெனியின் காகிதங்களை மட்டும் படித்தால் கிஸ்தி கட்டாத முரடன். கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும் பெரிதும் அந்தக் காகிதங்களையே நம்பியது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் வேறொரு மனிதர் வருகிறார். ஊர் அழுது பாடிய மனிதர். 1959 திரைப்படம் வந்தபின் சிவாஜி கணேசனின் குரலே கட்டபொம்மனின் குரலாகிவிட்டது.

ஆனால் கம்பெனியின் காகிதத்தையே இன்னும் கொஞ்சம் கூர்ந்து படிக்கலாம். 1798-இல் கலெக்டர் ஜாக்சன், பேட்டிக்கு வரச் சொன்ன பாளையக்காரரை ஊர் ஊராகப் பின்னால் அலையவிட்டு, செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே கைது முயற்சி, கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் சாவு. சென்னை அரசு விசாரணைக் குழு போட்டது. குழு ஜாக்சன் மீதே குற்றம் கண்டது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எதிராளியின் கோப்பே சொல்கிறது, அவமானம் எங்கிருந்து தொடங்கியது என்று. மறு ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட பின்தான் ‘கொள்ளைக்காரன்’ என்ற கதைக்கு வேலை வந்தது. அவர் ஆட்கள் பக்கத்துப் பாளையங்களில் புகுந்து எடுத்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துத்தான் வீரன் என்கிறேன்.

கே: சிலைகளை அகற்றுவது வரலாற்றை அழிப்பதுதானே?
(பொறியாளர், சென்னை)

ப: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை நின்றது. சென்னைப் படையோடு கப்பலேறிப் போய் 1857-இல் அலகாபாத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவர். செப்டம்பரில் லக்னோவில் மாண்டார். சென்னை அவருக்குச் சிலை வைத்துக் கிளர்ச்சியை அடக்கிய வீரர் என்று போற்றியது. 1927-இல் தொண்டர்கள் அந்தச் சிலையைச் சேதப்படுத்திச் சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி அரசு அதைச் சாலையிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. எதுவும் அழியவில்லை. போற்றுகிற இடத்திலிருந்து படிக்கிற இடத்துக்கு வந்தது. மிகச் சரியான முடிவு.

கே: நாம்தான் உணர்ச்சிவசப்படுகிறோம். ஐரோப்பியர்கள் நிதானமாக எழுதுவார்கள் இல்லையா?
(வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

ப: இல்லை. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட அதே முதல் உலகப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆவது பிரிவு, பொறுப்பை ஜெர்மனியின் தலையில் வைத்தது. ஜெர்மனி தன் ராஜதந்திரக் கோப்புகளை 40 தொகுதிகளாக அச்சிட்டு மறுத்தது. எல்லா நாடும் சேர்ந்து தடுக்கி விழுந்தோம் என்று மெல்ல ஒரு சமாதானம் ஏற்பட்டது. 1961-இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், 1914 செப்டம்பரில் ஜெர்மன் பிரதமருக்காகத் தயாரான நாடு பிடிக்கும் திட்டத்தைக் காப்பகத்திலிருந்து எடுத்துப் போட்டார். சொந்த நாட்டில் அப்படி ஒரு கொந்தளிப்பு! 1964-இல் அவருடைய அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கான பணத்தையே அரசு நிறுத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் செலவை ஏற்றுக்கொண்டன. 2012-இல் கிறிஸ்டோபர் கிளார்க், பெல்கிரேடு முதல் பாரிஸ் வரை எல்லோரையும் மறுபடி கூண்டில் ஏற்றினார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

கே: ஆளுக்கொரு பார்வை சரி என்றால், எனக்கு வாட்ஸ்அப்பில் வந்ததும் ஒரு பார்வைதானே?
(தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

ப: ஆளுக்கொரு பார்வை சரி என்று நான் சொல்லவில்லை. தப்பான பார்வை உண்டு, அது தோற்கும். சிந்து சமவெளியின் மொஹெஞ்சதாரோவில் முப்பது நாற்பது எலும்புக்கூடுகள் தாறுமாறாகக் கிடந்தன. 1947-இல் மார்ட்டிமர் வீலர் (அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர்) இது ஆரியப் படையெடுப்பின் படுகொலை என்று எழுதினார். உலகமே நம்பியது. 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் ஒவ்வொரு எலும்புக்கூடும் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பார்த்தார். ஒரே நாளில், ஒரே காலத்தில் இறந்தவர்கள் இல்லை. கோட்டைப் பகுதியில் ஒரு பிணமும் இல்லை, போர் நடந்ததற்கான ஆயுதமும் இல்லை. 1984-இல் கென்னத் கென்னடி எலும்புகளையே ஆராய்ந்தார். வெட்டுக்காயம் என்று நம்பியவற்றில் பல, ஆறி வெகுநாள் ஆனவை, அல்லது காயமே இல்லை. படுகொலைக் கதை முடிந்தது. இன்று மழை குறைந்ததையும் ஆறுகள் தடம் மாறியதையும் பற்றிப் பேசுகிறோம்.

வீலர் எந்த எலும்பு எங்கே கிடந்தது என்ற பதிவைக் காட்டி வாதிட்டார். அதனால்தான் டேல்ஸால் அதே பதிவைத் திறந்து அவரைத் தோற்கடிக்க முடிந்தது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவரிடம் எந்தக் கல்வெட்டு, எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் படியுங்கள். வராவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கே: பத்தாம் வகுப்புத் தேர்வில் 1857 பற்றி எதை எழுதுவது?
(மாணவன், அரியலூர்)

ப: பாடநூலில் உள்ளதை எழுது, தம்பி, மதிப்பெண்ணை விட்டுவிடாதே. தேர்வு முடிந்ததும் நூலகத்தில் சுரேந்திரநாத் சென் நூலையும் மஜும்தார் நூலையும் கேட்டு வாங்கிப் பார். ஒரே ஆண்டில் வந்த இரண்டு புத்தகங்கள் எவ்வளவு மல்லுக்கட்டுகின்றன என்பது உனக்கே பிடிக்கும்.

கே: இனி வரப்போகிறவர்கள் நம் காலத்தை எப்படி எழுதுவார்கள்? அதில் நாம் செய்ய ஏதாவது உண்டா?
(ஆசிரியை, காரைக்குடி)

ப: எப்படி எழுதுவார்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எதை வைத்து எழுதுவார்கள் என்பது நம் கையில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் வாழ்ந்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், பழைய இதழ் என்று ஒன்று விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான் சென்னை தரமணியில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம். இன்று உலகெங்கும் இருந்து தமிழ் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் டைரி, பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ வந்த கடிதங்கள், கிஸ்தி ரசீது, கணக்குப் புத்தகம், ஓலைச்சுவடி எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்த ஊர், யாருடையது, எப்போது கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ, ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒரு போன் போடுங்கள். உங்கள் மாணவர்களையும் அவரவர் வீட்டுப் பரணில் பார்க்கச் சொல்லுங்கள், டீச்சர்.